‘பொ’ என்று எழுதிய ஐந்து மாதம்

“யாரு கண்டா?” என்று எங்கள் பக்கத்தில் சொல்லாதவர்கள் கிடையாது. மழை வருமா என்று கேட்டால் யாரு கண்டா. ரயில் நேரத்துக்கு வருமா என்று கேட்டாலும் யாரு கண்டா. அதற்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. பேச்சை அத்தோடு விடு என்பதற்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அவளிடம் மட்டும் அதைச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. “அதைத்தான் அக்கா நானும் கேக்கறேன். யாரு கண்டாங்க?” என்று திருப்பிக் கேட்பாள். கேட்டுவிட்டு, பதில் வரும் வரைக்கும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அப்படி நிற்பதுதான் எனக்குத் தாங்காது.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. பொன்னேரியில் எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்துபோன எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். சரியாகச் சொன்னால் டீச்சரும் இல்லை. சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பாடம் நடத்துகிறவர் வேறொருவர். தவளையைப் பலகையில் குத்திவைத்து, இது இரைப்பை, இது கல்லீரல் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவது இவள் வேலை. வீடு கும்மிடிப்பூண்டியில். அவளுடைய நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள்) ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். காலை ரயிலில் சென்னைக்குப் போய் மாலை ரயிலில் திரும்புவாள். என்னிடம் டைப் அடிக்கிற வேலை இருக்கிற நாட்களில் வழியில் பொன்னேரியில் இறங்கிக்கொள்வாள்.

இன்ஸ்டிடியூட் என் அண்ணனுடையது. சோடாக் கடை மாடியில் ஐந்து மெஷின். காலையில் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பேன், மற்ற நேரத்தில் வெளி வேலை எதுவானாலும் அடித்துக் கொடுப்பேன். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள் என்கிற தலைக்கனம் எனக்கு உண்டு. கோபமும் உண்டு, அதை எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முதல் நாள் அவள் ஒரு பெரிய காகிதக் கட்டோடும் ஒரு சின்ன அச்சுப் புத்தகத்தோடும் வந்தாள். எம்.எஸ்ஸி. பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்து ஆய்வேடு கொடுக்கிறவர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழகம் போட்ட சட்டப் புத்தகம் அது. அங்கீகாரம் பெற்ற பேராசிரியரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்ய வேண்டும். தலைப்புக்கு முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். ஆய்வேடு நான்கு பிரதி, வரிக்கு வரி இரட்டை இடைவெளி, பைண்டு செய்ய இடது பக்கம் ஒன்றரை அங்குலம் ஓரம். பிராணியின் லத்தீன் பெயர் வருகிற இடத்திலெல்லாம் அடிக்கோடு. பேராசிரியரின் சான்றிதழ். கடைசியில் வாய்மொழித் தேர்வு. எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினாள்.

“இன்னா டீச்சர், கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இவ்ளோ சட்டம் கெடையாது” என்றேன்.

“கல்யாணத்துக்கு யாரும் பரீட்சை வெக்கறதில்லியே அக்கா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தப் பட்டம் அவளுக்கு விளையாட்டு இல்லை. அடுத்த ஜூனில் அவள் கல்லூரியிலேயே விரிவுரையாளர் இடம் ஒன்று காலியாவதாக இருந்தது. பட்டம் கையில் இருந்தால் உனக்குத்தான் என்று துறைத் தலைவி வாக்குக் கொடுத்திருந்தார். இல்லையென்றால் வேறு ஆள். ஏழு வருஷமாக அடுத்தவர் பேசி முடிக்கிற வரைக்கும் கத்தியும் ஊசியுமாய் ஓரமாக நின்றவளுக்கு, தானே வகுப்பில் நின்று பேச வேண்டும் என்று ஆசை. அதை அவள் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு தடவைதான். அன்றைக்கே நான் அந்த வேலையை என் சொந்த வேலையாக எடுத்துக்கொண்டேன்.

அவளுடைய ‘யாரு கண்டாங்க’ பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி, அவர்கள் வயலில் இருதலைப் பாம்பு வந்ததென்றும், அது ஆறு மாதம் இந்தத் தலையாலும் ஆறு மாதம் அந்தத் தலையாலும் நடக்குமென்றும் சொன்னாள். டீச்சர் உடனே, “ஆறு மாசம் பக்கத்துலயே குந்திக்கினு யாரு கண்டாங்க?” என்றாள்.  அந்தப் பாம்பைப் பிடித்து ஒரு பானையில் போட்டு வைத்திருந்தார்கள். டீச்சர் அந்த வீட்டுக்கே போய், பானையில் கையைவிட்டு எடுத்து, ஒரு முனையில் கண்ணும் வாயும் இருப்பதையும் மறு முனை மொண்ணை வால் என்பதையும் அவர்கள் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தாள். இடுப்பில் செருகிய புடவைத் தலைப்பில் பானைக் கரி. அந்தப் பெண் ஒரு வாரம் வகுப்புக்கு வரவில்லை.

கல்யாணப் பேச்சிலும் இப்படித்தான். கடம்பத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வரன். தரகர் வந்து பையன் தங்கமான குணம், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது என்றார். “யாரு கண்டது?” என்று இவள். தரகருக்குப் பேஜாராகிவிட்டது. அடுத்த வாரம் இவளே, அந்தப் பையன் வேலை பார்த்த ஆபீசுக்கு நேரே போய், எதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தாள். “நல்லவர்தான் அக்கா. தரகர் சொன்னது நெசம். ஆனா எனக்கு வேணாம்” என்றாள். ஏன் என்று கேட்டேன். “நான் எது சொன்னாலும் கரெக்டுன்றாரு. நான் தப்பா சொன்னதுக்கும்” என்றாள். கும்மிடிப்பூண்டி முழுக்க இதைப் பேசிச் சிரித்தார்கள். அவளுடைய நைனா மட்டும் சிரிக்கவில்லை, பாவம்.

அவள் ஆராய்ச்சி பழவேற்காட்டு ஏரியின் நண்டு. எந்த மாதத்தில் ஆண் நண்டு எத்தனை, பொட்டை நண்டு எத்தனை என்று ஒன்றரை வருஷத்துக்குக் கணக்கெடுத்தாள். பொட்டை நண்டு குறைகிற மாதம் எதுவென்று தெரிந்தால், அவை முட்டையிட எப்போது கடலுக்குப் போகின்றன என்று தெரிந்துவிடும். நண்டைக் கவிழ்த்துப் பார்த்தால் வயிற்றில் ஒரு மடிப்பு இருக்கும். ஆணுக்கு அது குறுகலாக, கூராக இருக்கும். பொட்டைக்கு அகலமாக, வட்டமாக. சனிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்துப் போய், ஏரிக்கரையில் நண்டு வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் பாயின் கொட்டகையில் உட்கார்ந்து எண்ணுவாள். மற்ற நாட்களுக்கு பாய் ஒரு நோட்டுப் போட்டிருந்தார். தேதி, மொத்தம், பக்கத்தில் ‘பொ’ என்று ஒரு கட்டம். மொத்தத்தில் பொட்டை போக மிச்சம் ஆண். பாயும் அவளும் சனிக்கிழமைகளில் ஒன்றாக எண்ணிப் பார்த்ததில், அவர் கணக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை என்று பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

நடுவில் ஐந்து மாதம் அவளால் போக முடியவில்லை. நைனாவுக்கு டைபாய்டு வந்து, எழுந்து நடமாடவே அத்தனை நாளாயிற்று. அதே ஐந்து மாதம் பாயும் வியாபார விஷயமாக நெல்லூர்ப் பக்கம் போயிருந்தார். நோட்டைத் தம் மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஐந்து மாதத்திலும் ‘பொ’ கட்டத்தில் எண்ணிக்கை சடாரென்று விழுந்திருந்தது. நூற்றுக்கு ஐந்து, ஆறு. அவள் பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். பொட்டை நண்டுகள் எல்லாம் அந்த மாதங்களில்தான் கடலுக்குப் போகின்றன என்று நோட்டே சொல்கிறதே. ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுக்க அதுதான். அதை நான் நான்கு பிரதி, கார்பன் வைத்து, ஒரு பிழையில்லாமல் அடித்து முடித்திருந்தேன்.

கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய உறுதிமொழித் தாள் ஒன்றுதான் பாக்கி. இந்த ஆய்வேட்டில் உள்ளவை நானே நேரில் கண்டவை அல்லது கண்டு சரிபார்த்தவை என்று சட்டப் புத்தகத்தில் இருந்த வாசகத்தை அப்படியே அடித்துக் கொடுத்தேன். பேனாவைத் திறந்தவள் மூடிவிட்டாள்.

“இன்னா ஆச்சு?”

“அந்த அஞ்சு மாசம் நான் காணலியே அக்கா.”

“பாய் ஊட்டு ஆளுங்கதானே கண்டாங்க. நீயே கண்ட மாதிரிதானே.”

“பாய் ஊட்டு ஆளை ஒரு தரம் கேட்டுட்டு வந்து போடறேன்.”

எனக்கும் அந்த ஏரியைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். கொட்டகையில் பாய் இருந்தார், அவர் மச்சானும் இருந்தார். முதலில் நாஷ்டா சாப்பிட வைத்தார்கள். பிறகு டீச்சர் மச்சானிடம் நோட்டைப் பிரித்துக் காட்டி, “இந்த மாசமெல்லாம் பொட்டை ஏன் இவ்ளோ கம்மி? நீங்க எப்பிடிப் பார்த்து எழுதினீங்க?” என்று கேட்டாள்.

“பொட்டையா?” என்றார் அவர். “பொட்டைய யாரும்மா எண்ணச் சொன்னாங்க? நான் எழுதினது பொக்கு.”

ஒரு கூடையிலிருந்து புல்லால் கட்டிய நண்டு ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார். “இதோ, இது பொக்கு. சட்டை உரிச்ச புதுசு. ஓடு பெருசா இருக்கும், உள்ளே தண்ணிதான், சதை கெடையாது. மெட்ராசுக்கு அனுப்பினா திருப்பி அனுப்பிடுவான். எங்க மச்சான், இதோ இவரு, ‘மொத்தம் எழுது, பொ எழுது’ன்னுட்டுப் போய்ட்டாரு. நண்டு யாவாரத்துல ‘பொ’ன்னா வேற இன்னா?”

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். “அட என் தங்கச்சி, நான் வெவரமா சொல்லாம போய்ட்டேனே” என்று முணுமுணுத்தார். மச்சானுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. டீச்சர்தான், “உங்க பேர்ல தப்பில்ல. எண்ணினது ஒழுங்காத்தான் எண்ணியிருக்கீங்க. நான்தான் வந்து பாக்கல” என்று அவரைத் தேற்றினாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் என் கோபத்தையெல்லாம் கொட்டினேன். “இதப் பார் டீச்சர். பேராசிரியருக்குத் தெரியாது. பரீட்சை வெக்கறவருக்குத் தெரியாது. வேற நாட்டுல எண்ணினவங்களும் இப்பிடித்தான் கம்மியாவுதுன்னு எழுதியிருக்காங்கன்னு நீயே சொன்னே. உன்துலயும் கம்மி. பொட்டையோ பொக்கோ, யாரு கண்டா?”

அவள் வழக்கம்போல ‘யாரு கண்டாங்க’ என்று கேட்கவில்லை. திருப்பிக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவள், திடீரென்று குலுங்கிச் சிரித்தாள். “அக்கா, என் நாலாவது அத்தியாயமே பொக்கு அக்கா. குலுக்கினா தண்ணி ஆடும்.” சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டாள். அது முழுக்கச் சிரிப்பில்லை என்று எனக்குத் தெரியும். 

பேராசிரியர் நல்லவர். உன் ஆய்வேடு, உன் முடிவு என்றார். ஆனால் அந்த அத்தியாயம் போனால் மீதி மெலிசாக இருக்கும், தேர்வாளர் ஏற்பாரோ மாட்டாரோ, ஜூனுக்குள் பட்டம் என்பதை மறந்துவிட வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். அவள் அத்தியாயத்தைத் திருப்பி எழுதிக்கொண்டு வந்தாள். முப்பத்தோரு பக்கம் இருந்தது ஒன்பது பக்கமாகிவிட்டது. அதில் ஒரு பக்கம் முழுக்க, ‘பொ’ என்ற எழுத்து எப்படி இரண்டு பொருளாயிற்று, அந்த ஐந்து மாதக் கணக்கை ஏன் ஒதுக்கிவிட்டேன் என்கிற விவரம். அதை ஆங்கிலத்தில் அடிக்கும்போது என் விரல் மெஷினை உடைத்துவிடும்போல இறங்கியது. ஆங்கில ‘E’ எழுத்து ரிப்பனையே கிழித்துவிட்டது. அண்ணன் கீழேயிருந்து என்ன சத்தம் என்று கேட்டான்.

கடைசித் தேதியன்று நான்கு பிரதியையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். உறுதிமொழித் தாளில் ‘ஒதுக்கப்பட்ட ஐந்து மாதம் நீங்கலாக’ என்று ஒரு வரி கூட்டச் சொன்னாள். சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. வாங்கிக்கொண்ட குமாஸ்தா அதை இரண்டு முறை படித்துவிட்டு முத்திரை குத்திக் கொடுத்தாராம்.

வாய்மொழித் தேர்வுக்கு நான் துணைக்குப் போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முதல் கேள்வியே அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் கேட்டாராம்.

“‘நீங்களா எழுதலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே’ன்னாரு. ‘அதனாலதான் சார் எழுதினேன்’னேன்.”

“அதுக்கு இன்னா சொன்னாரு?”

“ ‘அஞ்சு மாசம் விட்டுப்போச்சு, அதை எண்ணிட்டு வாங்க’ன்னாரு. மறுபடி பதிவு பண்ண வேணாமாம். அஞ்சு மாசம் குடுத்திருக்காங்க அக்கா.”

குடுத்திருக்காங்க என்றாள். பரிசு வாங்கிக்கொண்டு வந்தவளைப் போல முகம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஜூன் வந்தது, விரிவுரையாளர் இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள். டீச்சர் அந்தப் பெண்ணுக்குத் தவளை குத்திக் கொடுத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் பேசினேன், ஊரெல்லாம் கேட்கும்படி.

விட்டுப்போன மாதங்கள் வந்தன. சனியும் ஞாயிறும் அவள் பழவேற்காட்டுக்குப் போவாள். நடுவில் ஒரு நாளாவது எண்ண வேண்டும், ஆள் இல்லை என்று கவலைப்பட்டாள். புதன்கிழமை மத்தியானம் எனக்கு வகுப்பில்லை. “நான் போறேன், போ. எண்ணத் தெரியாதா எனக்கு?” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. முதல் புதன்கிழமை ஒரு நண்டு என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. பாயின் மச்சான் ஓடிவந்து விடுவித்தார். டைப்ரைட்டருக்கு வேண்டிய விரல், என்று அவரைத் திட்டினேன். பாவம், அவர் என்ன செய்தார்? நான் கவிழ்த்துப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வரியிலும் பொட்டை, பொட்டை என்று முழுசாக, கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டே வந்தார். ஐந்து மாதத்தில் இருபது புதன்கிழமை போனேன். புடவையில் சேறும் நண்டு வாடையுமாக வீட்டுக்கு வந்தால் அண்ணி வாசலிலேயே தண்ணீர் வைத்துவிடுவாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த ஐந்து மாதம்போல நான் சந்தோஷமாக இருந்த காலம் குறைவு.

வாய்மொழித் தேர்வுக்கு இரண்டாம் முறை போனபோது அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டாள். குடுத்துட்டாங்க என்றாள். நான் பல்கலைக்கழக மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அடுத்த வருஷம் வேறொரு கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்தது, நாற்பது பெண்களுக்கு முன்னால் நின்று அவளே பாடம் நடத்தினாள். அன்றைக்கு அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பட்டம் மட்டும்தான் கையில். ரயிலில் மீஞ்சூர் தாண்டிய பிறகு கேட்டேன்.

“நெசமா கேக்கறேன் டீச்சர். அஞ்சு மாசமா அந்த ஏரியில நாம இன்னாத்தைக் கண்டுபுடிச்சோம்?”

“பொட்டை நண்டு எங்கியும் போவல. எல்லா மாசமும் போல பாதிக்குப் பாதி. அந்த அஞ்சு மாசத்துல ஒண்ணுமே நடக்கல.”

“அந்த ஒண்ணுமில்லாததுக்கா ஒரு வேலைய வுட்டே?”

“முன்னே எனக்கு ஒண்ணும் தெரியாது அக்கா. இப்ப ஒண்ணும் நடக்கலைன்னு தெரியும். ரெண்டும் ஒண்ணா?”

“அது தெரிஞ்சி யாருக்கு இன்னா ஆவப்போவுது?” என்றேன் விடாமல்.

அவள் என் கட்டைவிரலைப் பிடித்து, நண்டு கடித்த தழும்பைப் பார்த்தாள். “ஆவுதோ ஆவலியோ. நண்டைக் கவுத்துப் பார்த்து இதைக் கண்ணால கண்டது ஒலகத்துலயே ரெண்டு பேருதான். நானும் நீயும்” என்றாள்.

டைப்ரைட்டிங்கில் லோயரும் ஹையரும் தவிர வேறு ஒரு பரீட்சையும் எழுதாத நான், அந்த இரண்டு பேரில் ஒருத்தி. பொன்னேரியில் இறங்கி, அவள் ரயில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிற வரைக்கும் பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.